பிலிமில் படமெடுக்கக் கற்க எந்தப் பழைய கேமரா?

பிலிம் கேமராவை முதன்முதலாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்தக் கேமரா நல்ல படம் தரும் என்பதே. ஏறக்குறைய எல்லாமே தரும். 35 மி.மீ. பிலிமில் பதியும் சட்டகம் இக்கட்டுரையில் வரும் பெரும்பாலான கேமராக்களில் 24க்கு 36 மில்லிமீட்டர்தான். உள்ளே போவதும் ஒரே பிலிம்தான். 1970களில் வந்த 50 மி.மீ. லென்ஸுகளில் தள்ளிவிடத் தக்கது என்று ஒன்றைக் காட்டுவது கடினம். கற்பவர் கேட்க வேண்டியது வேறு: ஒரு படம் கெட்டால், கெடுத்தது நானா, கருவியா என்று எனக்குத் தெரிந்துவிடுமா?

டிஜிட்டல் கேமராவில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. படம் இருண்டிருந்தால் அடுத்த நொடியே தெரியும், திருத்திக்கொள்ளலாம். பிலிமிலோ 36 படங்களை எடுத்து முடித்து, கழுவக் கொடுத்து, திரும்பி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். வந்த நெகட்டிவ் வெளிறியிருந்தால் அதற்குக் காரணம் ஒளியைத் தவறாகக் கணித்ததாக இருக்கலாம், பிலிமில் ஒளி படும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டர் சொன்ன வேகத்தில் ஓடாததாக இருக்கலாம், ஒளியை அளக்கும் லைட் மீட்டர் பொய் சொன்னதாக இருக்கலாம், லேபில் டெவலப்பர் (பிலிமைக் கழுவும் வேதிக்கரைசல்) தீர்ந்துபோனதாகவும் இருக்கலாம். இந்த நான்கில் கேமராவைச் சார்ந்த இரண்டு சந்தேகங்களை முன்கூட்டியே நீக்கிவைக்கும் கேமராவே கற்பவருக்கு ஏற்ற கேமரா. கீழே வரும் கேமராக்களை நான் எடைபோடுவது இந்த ஓர் அளவுகோலால்தான். புகழ், தோற்றம், கையில் பிடிக்கும் சுகம் எல்லாம் அதற்குப் பின்னரே.

முதலில் ஒரு பிரிவினையைச் சொல்லிவிட வேண்டும். பழைய கேமராக்களில் ஷட்டரைச் சுருள்வில்லும் பற்சக்கரமும் இயக்குபவை ஒரு வகை. மின்சுற்று இயக்குபவை இன்னொரு வகை. முன்னதில் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் கேமரா முழுமையாக வேலை செய்யும். பின்னதில் பேட்டரி தீர்ந்தால் கேமரா நின்றுவிடும், அல்லது ஏதோ ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ஓடும். கற்பதற்கு முதல் வகையையே நான் பரிந்துரைக்கிறேன். இது பழமைப் பற்றினால் அல்ல. இயந்திர ஷட்டரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார். நாற்பது ஆண்டு பழைய மின்சுற்றுக்கு மாற்றுப் பலகையை அவர் எங்கே போய்த் தேடுவார்?

முதல் வகையில் உலகெங்கும் முதற்பெயராகச் சொல்லப்படுவது பென்டாக்ஸ் கே1000. 1976இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்தது. ஒரு கேமரா இருபது ஆண்டுக்கும் மேல் பெரிய மாற்றமின்றி விற்றதற்குக் காரணம் அதில் எதுவும் இல்லாததுதான். தன்னியக்க டைமர் இல்லை, புலத்தின் ஆழத்தை (எவ்வளவு தூரம்வரை படம் தெளிவாக இருக்கும் என்பதை) முன்கூட்டிப் பார்க்கும் வசதி இல்லை, மீட்டருக்குத் தனி சுவிட்சுகூட இல்லை. மேலே ஷட்டர் வேகச் சக்கரம், லென்ஸில் ஒளி புகும் திறப்பை மாற்றும் அப்பர்ச்சர் வளையம், வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு முள். முள் நடுவில் நின்றால் மீட்டரின் கணக்குப்படி ஒளி சரி. மேலே போனால் கூடுதல், கீழே இறங்கினால் குறைவு.

அந்த முள்ளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பின்னால் வந்த பல கேமராக்களில் சிவப்பு விளக்குகள் ‘சரி, கூட, குறைவு’ என்று மட்டும் சொல்லும். முள்ளோ எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதை அசைந்தே காட்டும். கருங்கல் சிற்பத்தை நோக்கினால் முள் சரிந்து விழுவதையும், வெள்ளை வேட்டி கட்டியவரை நோக்கினால் துள்ளி எழுவதையும் ஒரு கோயில் பிராகாரத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தால், மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்கிறது என்ற அடிப்படைப் பாடம் விளக்கமின்றியே புரிந்துவிடும். அந்தச் சிற்பம் கருமையாகவே படத்தில் வர வேண்டுமானால் மீட்டர் சொல்வதைவிட ஒன்று அல்லது இரண்டு நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்பது ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் படி) குறைத்துக் கொடுக்க வேண்டும். வேட்டி வெள்ளையாக வர வேண்டுமானால் கூட்டிக் கொடுக்க வேண்டும். கே1000இன் மீட்டர் சட்டகம் முழுவதையும் சராசரியாக அளப்பதால், பின்னால் வெளிறிய வானம் இருந்தால் முன்னால் நிற்பவரின் முகம் இருண்டுபோகும். இதுவும் பாடமே. கருவியின் குறை எப்போதும் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தால் அதைக் கற்றுக்கொள்ள முடியும். நாளுக்கு நாள் மாறினால் முடியாது.

கே1000இன் உண்மையான குறைகள் இரண்டு. மீட்டருக்குச் சுவிட்சு இல்லாததால், லென்ஸ் மூடியைப் போடாமல் மேசையில் வைத்துவிட்டால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, பிந்தைய தயாரிப்புகளில் மேல் தகடும் கீழ்த் தகடும் உலோகத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறின. ஜப்பானில் செய்த பழைய உலோகக் கேமராதான் வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கற்பவர் அந்தப் போட்டியில் இறங்கத் தேவையில்லை. வயதில் இளைய பிளாஸ்டிக் தகடு கேமராவின் ஷட்டர் பெரும்பாலும் குறைவாகவே தேய்ந்திருக்கும்.

இந்தியாவில் தேடுபவருக்கு கே1000ஐவிட எளிதில் கண்ணில் படுவது நிக்கான் எஃப்எம்10. 1995இல் நிக்கானின் பெயரில் வந்தாலும் இதைச் செய்தது கொசினா என்ற ஜப்பானிய நிறுவனம். உடல் பிளாஸ்டிக், எடை சுமார் 420 கிராம், கே1000 இதைவிட ஏறத்தாழ 200 கிராம் கூடுதல். நிக்கான் 2006இல் தன் பிலிம் கேமராக்கள் பெரும்பாலானவற்றின் தயாரிப்பை நிறுத்தியபோதும், விலையுயர்ந்த எஃப்6உடன் இந்த எளிய எஃப்எம்10ஐயும் விட்டுவைத்தது. இங்கே காட்சித் தகவலியல் மாணவர்கள் பலருக்கு முதல் கேமராவாக இது இருந்ததால், அலமாரிகளில் உறங்கும் எஃப்எம்10கள் இன்றும் சந்தைக்கு வருகின்றன.

பிலிம் ரசிகர்களிடையே எஃப்எம்10க்கு மதிப்பு குறைவு. ‘பிளாஸ்டிக் நிக்கான்’ என்று ஒதுக்குவார்கள். இந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதன் ஷட்டர் முழுக்க இயந்திரத்தால் ஆனது. ஒரு நொடியிலிருந்து 1/2000 நொடி வரை பேட்டரியே இல்லாமல் ஓடும். வியூஃபைண்டரின் நடுவில் பிளவுப் பிம்பம் இருப்பதால், செங்குத்துக் கோடு ஒன்று இரண்டாக உடைந்து தெரிவதை ஒன்றாகச் சேர்த்தால் குவியம் சரி. கே1000இல் குவியம் தவறினால் மினுமினுக்கும் நுண்பட்டகத்தைவிடப் புதியவர் கண்ணுக்கு இது எளிது. புலத்தின் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் நெம்புகோலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக இது இளமையான கேமரா. 1970களில் பிறந்த கேமராவின் எண்ணெய் உறைந்து, பின்கதவில் ஒளி கசியாமல் தடுக்கும் நுரைப்பட்டை பசையாகியிருக்கும் காலத்தில், 2000க்குப் பிறகு தயாரான ஒரு கேமரா சொன்ன வேகத்தில் ஓடுவதற்கான வாய்ப்பு மிக அதிகம். நம் அளவுகோலில் இதற்கே முதல் மதிப்பெண்.

எஃப்எம்10உடன் வரும் 35-70 மி.மீ. ஜூம் லென்ஸை மட்டும் மாற்றிவிடுவது நல்லது. அதன் பெரிய திறப்பே எஃப்/3.5 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), நீட்டினால் எஃப்/4.8க்கு இறங்கிவிடும், வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் அது போதாது. ஐம்பது மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று போதும். இங்கே நிக்கானுக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. வீட்டில் ஏற்கனவே நிக்கான் டிஜிட்டல் கேமரா இருந்து, அதற்கு அப்பர்ச்சர் வளையம் உள்ள டி வகை லென்ஸ் இருந்தால் அதையே இதிலும் பொருத்தலாம். வளையமில்லாத ஜி வகை லென்ஸ்கள் பொருந்தும், ஆனால் திறப்பை மாற்ற வழியிருக்காது. வாங்குமுன் லென்ஸில் வளையம் இருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்ப்பது நல்லது.

நிக்கானிலேயே மேல்படியான எஃப்எம்2, 1982இல் வந்தது. 1/4000 நொடி வரை போகும் இயந்திர ஷட்டர். அது எஃப்எம்10ஐவிட எல்லா வகையிலும் உறுதியான கருவி. ஆனால் இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டில் நிறைய பிலிம் சுருள்கள் வாங்கிவிடலாம். கற்கும் முதலாண்டில் பிலிமே ஆசிரியர் என்பதால், நான் எஃப்எம்10ஐயும் மீதிப் பணத்துக்குப் பிலிமையும் தேர்வு செய்வேன்.

ஷட்டரின் உச்ச வேகம் விளம்பர எண் மட்டுமே என்று நினைப்பவர்கள் நம் ஊர் நண்பகலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெளிந்த வெயிலில் எஃப்/16 திறப்பு, பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு ஈடான வேகம் என்பது பழைய கட்டைவிரல் விதி. ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு அது எஃப்/16இல் ஏறக்குறைய 1/500 நொடி. பின்னணியை மங்கலாக்க விரும்பித் திறப்பைப் பெரிதாக்கினால் வேகத்தைக் கூட்ட வேண்டும்: கே1000இன் 1/1000இல் எஃப்/11 வரைதான் திறக்கலாம், எஃப்எம்10இன் 1/2000இல் எஃப்/8, எஃப்எம்2இன் 1/4000இல் எஃப்/5.6. ஆகவே கே1000 வைத்திருப்பவர் மதுரைத் தெருவில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஐஎஸ்ஓ 400 பிலிமோடு நின்றால், எஃப்/1.8 லென்ஸின் அழகை ஒருமுறைகூடப் பயன்படுத்த முடியாது. ஐஎஸ்ஓ 100 பிலிம் போட்டால் அதே கேமராவில் எஃப்/5.6 கிடைக்கும். வெளியில் வெயில், வீட்டுக்குள் இருள் என்ற நம் வாழ்க்கைக்கு எந்த ஐஎஸ்ஓவும் முழுமையாகப் பொருந்தாது என்பதும் உண்மைதான்.

அடுத்து கேனன் ஏஇ-1. இதுவும் 1976இல் வந்தது. பெருமளவில் விற்ற கேமரா. தோற்றத்தில் இந்த வரிசையிலேயே அழகானது. ஆனாலும் முதல் கேமராவாக இதை நான் சொல்ல மாட்டேன். இதன் ஷட்டர் மின்சுற்றால் இயங்குவது; ஆறு வோல்ட் பேட்டரி தீர்ந்தால் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. அதைவிட முக்கியமானது, இது தானியங்கியாகப் பயன்படுத்தவே வடிவமைக்கப்பட்டது. ஷட்டர் வேகத்தை நாம் கொடுத்தால் திறப்பை அது தேர்ந்தெடுக்கும். கைமுறைக்கு மாற்றினாலும் வியூஃபைண்டரின் முள் தான் விரும்பும் திறப்பை மட்டுமே காட்டும். நாம் எந்தத் திறப்பில் வைத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்து, லென்ஸைப் பார்த்து, எண்ணைத் திருப்பி, மறுபடி கண்ணை வைக்க வேண்டும். இந்தச் சிரமத்தைத் தாங்காமல் பெரும்பாலோர் தானியங்கிக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் கற்க என்ன இருக்கிறது? மசகு எண்ணெய் உலர்ந்த ஏஇ-1கள் பொத்தானை அழுத்தும்போது இருமுவது போல ஒரு கிரீச்சொலி எழுப்பும். அந்த ஒலி கேட்டால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேனன் 1987இல் லென்ஸ் பொருத்தும் முறையையே மாற்றிவிட்டதால், இதன் எஃப்டி லென்ஸ்கள் பிந்தைய கேனன் கேமராக்களில் நேரடியாகப் பொருந்தாது.

ஒலிம்பஸ் ஓஎம்-1இன் கதை வேறு. 1972இல் எம்-1 என்ற பெயரில் வந்து அடுத்த ஆண்டே பெயர் மாறிய இந்தக் கேமரா, யோஷிஹிசா மைத்தானியின் கைவண்ணம். இயந்திர ஷட்டர், சிறிய உடல், அகன்ற வியூஃபைண்டர். கைக்கு இதைவிட இதமான கேமராவை நான் அறியேன். சிக்கல் மீட்டரில்தான். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரசம் நச்சு என்பதால் அந்தப் பேட்டரிகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. அதே வடிவத்தில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். கூடுதல் மின்னழுத்தத்தைக் கூடுதல் வெளிச்சம் என்று மீட்டர் தவறாகப் புரிந்துகொள்வதால் படங்கள் இருளும். அதுவும் நிலையாக இருளாது. பாதரச பேட்டரி கடைசிவரை ஒரே மின்னழுத்தத்தைத் தந்தது. ஆல்கலைன் பேட்டரியோ நாளாக நாளாக இறங்கிக்கொண்டே போகும். அதனால் இன்றைய பிழையும் அடுத்த மாதப் பிழையும் ஒன்றாக இருக்காது. நான் மேலே சொன்ன, கற்றுக்கொள்ள முடியாத குறை இதுதான். காதுகேட்கும் கருவிகளுக்கு விற்கும் 675 அளவுத் துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்தோடு போட்டால் 1.4 வோல்ட் கிடைக்கும். மருந்துக்கடையிலேயே கிடைக்கக்கூடிய நல்ல மாற்று, ஆனால் ஒட்டை உரித்த சில வாரங்களில் தீர்ந்துவிடும். 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் சுற்று மின்னழுத்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைந்தது என்பதால், பழமை விரும்பிகளுக்கு ஓஎம்-1ஐவிட அதையே சொல்வேன்.

விலை மிகக் குறைவாகக் கிடைப்பது சோவியத் நாட்டின் ஜெனிட். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க்கில் 1960களில் தொடங்கி இருபது ஆண்டுகள் போலத் தயாரான ஜெனிட்-இ, இரும்புக் கட்டியைக் கையில் வைத்திருப்பது போன்ற உணர்வைத் தரும். அதோடு வரும் 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸ் பின்னணியைச் சுழலவிடும் அழகுக்காகவே இன்றும் தேடி வாங்கப்படுகிறது. ஆனால் கேமராவோ பொறுமைசாலிகளுக்கானது. வேகங்கள் 1/30 முதல் 1/500 வரை மட்டுமே. அதற்குக் கீழே, பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் ‘பி’ மட்டும்தான். வியூஃபைண்டரில் தெரிவது படத்தில் பதியும் பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே. கவனமாகத் தவிர்த்த விளக்குக் கம்பம் நெகட்டிவில் வந்து நிற்கும். திறப்பைப் பெரிதாக வைத்துக் குவியம் பார்த்து, பிறகு கையால் சுருக்கி, அதன்பின் அழுத்த வேண்டும். மீட்டர் பேட்டரியில்லாமல் செலினிய மின்கலத்தால் ஓடுவது. ஆனால் அரை நூற்றாண்டு கடந்த செலினியக் கலங்கள் பல செத்துவிட்டன, சில பாதி உயிரோடு பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முள் கொஞ்சமாவது அசைவதைக் காட்டி ‘மீட்டர் வேலை செய்கிறது’ என்று விற்பவர் சொன்னால் அதை நம்ப வேண்டாம். ஜெனிட்டை வாங்குவதானால் மீட்டரே இல்லாத கேமரா என்று எண்ணி வாங்கி, கைபேசியின் ஒளிமானிச் செயலியையோ வெயில் விதியையோ நம்புவதே மேல்.

யாஷிகா எஃப்எக்ஸ்-3ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979இல் வந்த இதுவும் கொசினாவின் தயாரிப்பே, இயந்திர ஷட்டர். எஃப்எம்10இன் மூத்த உறவு என்றே கொள்ளலாம். மேலுறைத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டும். அது தோற்றக் குறை மட்டுமே. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

தமிழ்நாட்டில் பலர் வீட்டில் தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுப்பது இவற்றில் எதுவாகவும் இல்லாமல், இரட்டை லென்ஸ் வைத்த யாஷிகா மேட்டாகவோ ஆக்ஃபா கிளிக்காகவோ இருக்கும். யாஷிகா மேட் 124ஜி 1970 முதல் 1986 வரை தயாரானது. ஸ்டூடியோக்காரர்களின் சோற்றுக் கருவியாக இருந்தது. 120 அளவு பிலிமில் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள். பெரிய நெகட்டிவ் தரும் செறிவை 35 மி.மீ. கொடுக்காது என்பதில் ஐயமில்லை. ஆனால் இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஓடும் குழந்தையைத் தொடர முயன்றால் கேமரா எதிர்த்திசைக்குப் போகும். பன்னிரண்டு படங்களுக்கு ஒரு சுருள் என்பது, தவறிக் கற்க வேண்டிய காலத்தில் விலை உயர்ந்த பாடம். இரண்டாவது கேமராவாக இதற்கு இணையில்லை, முதலாவதாக வேண்டாம். வடோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக்-3 பெட்டிக் கேமராவில் வேகத்தை மாற்றவே முடியாது என்பதால், ஒளிக் கணக்கைக் கற்பதற்கு அது உதவாது. நினைவுப்பொருளாக ஒரு சுருள் ஓட்டிப் பார்க்கலாம். யாஷிகா எலக்ட்ரோ 35 அழகான லென்ஸ் உடையதுதான், ஆனால் வேகத்தை அதுவே முடிவு செய்யும். எந்த வேகத்தில் எடுத்தது என்பதை நமக்குச் சொல்லவும் சொல்லாது.

எதை வாங்கினாலும் கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு; மாடலின் பெயரைவிட இவை முக்கியமானவை. பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான சுவரை நோக்கி உச்ச வேகத்தில் ஷட்டரைச் சில முறை தட்டிப் பாருங்கள். சட்டகம் முழுவதும் ஒரே சீராக ஒளி மின்ன வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் திரைகளில் ஒன்று தளர்ந்துவிட்டது. மெதுவான வேகங்களைக் கைபேசியின் மெதுவியக்கக் காணொளியில் பிடிக்கலாம்: நொடிக்கு 240 சட்டகங்கள் எடுக்கும் கைபேசியில் 1/30 நொடி சுமார் எட்டுச் சட்டகங்கள் திறந்திருக்க வேண்டும், 1/60 நான்கு. அரை நிறுத்தம் முன்பின் இருந்தால் நெகட்டிவ் பிலிம் பொறுத்துக்கொள்ளும். மீட்டரை, ஒரே ஐஎஸ்ஓவில் வைத்த டிஜிட்டல் கேமராவோடு ஒரே சுவரை நோக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சமான இடம், மங்கலான இடம் இரண்டிலும் ஒரே அளவு வேறுபாடு இருந்தால் பிரச்சினையில்லை, அந்த அளவை ஐஎஸ்ஓ சக்கரத்திலேயே சரிசெய்துவிடலாம். லென்ஸைக் கைவிளக்குக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை தேடுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தோல் உறைக்குள் பல ஆண்டு பூட்டிவைத்த லென்ஸில் சிலந்தி வலை போன்ற இழைகள் இல்லாவிட்டால்தான் வியப்பு. ஓரத்தில் ஒரு சிறு இழை படத்தைக் கெடுக்காது. நடுவில் பரவியிருந்தால் வேறு லென்ஸ் தேடுவது நல்லது. கதவின் ஓரத்து நுரைப்பட்டை விரலில் தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். அது சிறிய வேலை, வீட்டிலேயே செய்யலாம்.

விலைக்கும் பழுதுபார்க்கும் செலவுக்கும் உள்ள உறவில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். சோதிக்காத கேமராவைப் பாதி விலைக்கு வாங்கி, சுத்தம் செய்து சீராக்க அனுப்பினால் மொத்தச் செலவு, சர்வீஸ் செய்து விற்பனைக்கு வந்த கேமராவின் விலையைத் தாண்டிவிடும். டெல்லி சாந்தினி சவுக்கின் கூச்சா சவுத்ரி, கொல்கத்தாவின் மெட்ரோ கலி போன்ற பழைய கேமராச் சந்தைகளிலிருந்து தூதஞ்சலில் வாங்குபவர்கள் ஷட்டர் ஓடும் காணொளியைக் கேட்டு வாங்குவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. திருப்பி அனுப்ப ஒப்புக்கொள்ளும் விற்பனையாளருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

கேமராவை முடிவு செய்தபின் பிலிம். வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்பது ரசனைக் கேள்வியாகத் தோன்றினாலும், கற்பவருக்கு அது மீண்டும் பழைய கேள்வியே. வண்ணச் சுருளின் விலை இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. கழுவி ஸ்கேன் செய்யும் செலவு தனி. வண்ண நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 38 டிகிரியில் இருக்க வேண்டும், அரை டிகிரி பிசகினாலும் நிறம் திரிபடும் என்பதால் பெரும்பாலோர் லேபுக்கே அனுப்புகிறார்கள். லேபில் ஸ்கேன் செய்பவர் இருண்டதை வெளிறச் செய்து, வெளிறியதை இருளாக்கி அனுப்பிவிடுவார். எடுத்தவரின் பிழை எடுத்தவருக்கே தெரியாமல் போகும். கறுப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையில் கழுவலாம், நெகட்டிவ் ஈரத்தோடு கையிலிருக்கும்போதே உண்மை தெரியும்.

இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் தவறுகளைத் தாராளமாக மன்னிக்கும் கறுப்பு வெள்ளை பிலிம். முதல் சுருள்களுக்கு அதையே சொல்வேன். செலவைக் குறைக்க விரும்புவோர் 1959 முதல் சினிமாவுக்காகத் தயாராகும் கோடக்கின் டபுள்-எக்ஸ் பிலிமை நூறடிச் சுருளாக வாங்கிக் கேசட்டுகளில் தாமே ஏற்றிக்கொள்கிறார்கள். நூறடியில் 36 படச் சுருள்கள் சுமார் பதினெட்டுத் தேறும். வண்ண சினிமா பிலிமில் மட்டும் எச்சரிக்கை தேவை: நெடுங்காலமாக அதன் முதுகில் இருந்துவந்த கரிப்பூச்சைத் தனியாகக் கழுவி எடுக்க வேண்டும், சாதாரண சி-41 லேபில் அதைக் கொடுத்தால் அவர்களின் இயந்திரம் பாழாகும். உள்நாட்டு பிலிம் என்று ஒன்று நமக்கு இருந்தது. 1960இல் உருவான பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்தில் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டதால் இன்று நாம் வாங்குவது எல்லாம் இறக்குமதிதான். காலாவதியான ‘இந்து’ சுருள் எங்காவது கிடைத்தால் ஆசையாக இருக்கும். ஆனால் கற்கும் காலத்தில் பழைய பிலிம் வேண்டாம். சந்தேகப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதாகும் அது.

கழுவுவதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டெவலப்பருக்கான அட்டவணைகள் 20 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. மே மாதக் குழாய்த் தண்ணீர் 30ஐத் தாண்டும். எச்பி5க்கு ஐடி-11 டெவலப்பர் கலக்காமல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் அது ஐந்து நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். அதற்கும் கீழே போனால் பிலிம் சீராகக் கழுவப்படாது. டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று என்று தண்ணீரில் நீர்த்துக்கொண்டால் 20 டிகிரியில் பதின்மூன்று நிமிடம் ஆகும். வெப்பம் கூடினாலும் போதிய நேரம் மிஞ்சும். ஐஸ் கட்டி மிதக்கும் வாளியில் பாட்டில்களை வைத்து 24க்குள் நிறுத்துவது, 20க்குக் கொண்டுவரப் போராடுவதைவிட எளிது. கோடக்கின் டி-76 டெவலப்பர் வாங்கினாலும் இதே கணக்குத்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே சேர்மானம்.

இனி, யார் தவறு என்பதை நெகட்டிவே சொல்லும். பிலிமின் ஓரத்தில் ஆலையிலேயே பதித்த எழுத்துகளும் எண்களும் உண்டு. அந்த எழுத்துகள் நன்கு கறுத்திருந்து படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் டெவலப்பர் சரி, ஒளிதான் போதவில்லை. எழுத்துகளும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவியதில் குறை. எழுத்துகள் தெளிவாக இருந்து படமே இல்லாவிட்டால் பிலிம் நகரவேயில்லை. அடுத்த முறை, சுருளை நகர்த்தும்போது இடப்பக்கத் திருகு சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். துளைகள் இருக்கும் ஓரம்வரை கருமை வழிந்திருந்தால் நுரைப்பட்டை வழியே ஒளி கசிகிறது. வேகமாக எடுத்த படங்களில் மட்டும் ஒரு பக்கம் தெளிந்து வெறுமையாக இருந்தால் ஷட்டர் திரை. இத்தனையும் நீங்கி, எல்லாச் சட்டகமும் ஒரே சீராக வெளிறியிருந்தால் மீட்டரைச் சோதிக்கலாம். ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் இருந்தால் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். இதற்காகவே முதல் சில சுருள்களுக்காவது ஒவ்வொரு படத்தின் வேகத்தையும் திறப்பையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது அவசியம்.

ஆகவே, நிக்கான் லென்ஸ் கையிலிருப்பவரும், சர்வீஸ் செலவுக்கு அஞ்சுபவரும் எஃப்எம்10ஐ எடுக்கலாம். முள்ளின் அசைவில் ஒளியைப் படிக்க விரும்புபவர், சோதித்த கே1000 கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே விலையில் ஒரே நிலையில் முன்னால் இருந்தால் நான் கே1000 பக்கம் சாய்வேன், ஆனால் நம் சந்தையில் அப்படி அமைவது அரிது. கையில் மிகச் சிறிய தொகையே இருப்பவர் ஜெனிட்டுக்குப் பதில் தோல் உதிர்ந்த யாஷிகா எஃப்எக்ஸ்-3ஐத் தேடட்டும். தாத்தாவின் யாஷிகா மேட் வீட்டில் இருப்பவர் அதைச் சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை யாரிடமாவது ஒரு 35 மி.மீ. கேமராவை இரவல் வாங்கி நான்கு சுருள் எச்பி5 ஓட்டிப் பழகலாம்.